கறுத்த மேனியில் ஒளியும் மஞ்சள்

மாலை ஆறு மணி இருக்கும். தேயிலைக் காட்டின் மேல் பனி இறங்கிவிட்டது. பக்கத்து லயத்து இளைஞர் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், பிள்ளைக்கு மஞ்சள் அடிச்சிருக்கான்னு பாருங்க. தாதிக்கு இந்தப் படத்தை அனுப்பலாமா?"

பிறந்து மூன்று நாளான தலைச்சன் குழந்தை. படத்தில் குழந்தை மட்டுமா மஞ்சள்? போர்வை, சுவர், தாயின் கை எல்லாமே மஞ்சள்! வீட்டில் எரிந்த விளக்கு அப்படி. மறுபடி எடுக்கச் சொன்னேன். இம்முறை கைப்பேசி தானாகவே நிறத்தைத் திருத்தி, குழந்தையைச் சிவப்பாகக் காட்டியது. "படத்தை விடு தம்பி, பேசு" என்றேன்.

தாதி கேட்டவை மூன்றே கேள்விகள். பால் குடிக்கிறதா? இன்று எத்தனை துணி நனைத்தது? கண் வெள்ளையும் காலும் மஞ்சளாக இருக்கின்றனவா? பதிலைக் கேட்டதும் உடனே தூக்கிவரச் சொல்லிவிட்டார். இரத்தம் சோதித்து, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் காண்பதுண்டு. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிஞ்சு ஈரலால் அதை வேகமாக வெளியேற்ற முடிவதில்லை. பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் அளவு மீறினால் அது மூளையில் படிந்து, காது கேளாமையும் கை கால் முடக்கமும் வாழ்நாள் முழுதும் நிற்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. இரண்டு வாரம் கடந்தும் போகாவிட்டாலும், மலம் வெளிறிப் போனாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. கறுத்த தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. இதற்குத்தான் ஆய்வாளர்கள் கைப்பேசியைக் கையில் எடுத்தார்கள். 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் குழந்தையின் மேல் ஒரு வண்ண அட்டையை வைத்துப் படமெடுத்து, விளக்கொளியின் கோளாறைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறையை வெளியிட்டனர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரோ தோலையே விட்டுவிட்டுக் கண் வெள்ளையைப் படமெடுத்தார்கள். கண் வெள்ளை எல்லா இனத்தாருக்கும் ஒன்றுதானே! கானா நாட்டில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்தனர். எந்தப் பிள்ளைக்கு உடனே இரத்தம் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுக்கும் சல்லடை இது. இரத்தப் பரிசோதனையின் இடத்தை இது பிடிக்காது.

நம்மிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் கைப்பேசி உண்டு. பகலில், சன்னல் ஓரத்தில், 'ஃப்ளாஷ்' இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் படமெடுங்கள். மூக்கு நுனியை விரலால் இலேசாக அழுத்தி எடுத்தால், அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரியும். அது தாதிக்குத் துணையாகும், அவ்வளவே. பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பதில் வரட்டும் என்று காத்திராமல் புறப்பட வேண்டும். மலை மடிப்பில் 'சிக்னல்' கிடைக்காத வீடுகளுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

"காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்பார்கள் பாட்டிமார். அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயிலில் வைத்த குழந்தையின் மஞ்சள் வெளுத்ததை ஒரு தாதி கண்டதிலிருந்துதான் இன்றைய நீல விளக்கே பிறந்தது. ஆனால் கேமரன் மலைக் குளிரில் பச்சிளம் பிள்ளையைத் துணியவிழ்த்து வெளியே வைத்தால் உடல் குளிர்ந்துவிடும். போதிய ஒளியும் கிடைக்காது. வெயிலை நம்பி ஒரு நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

மற்றொன்று. நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி குறைபாடு உள்ளதா என்று பார்க்கிறார்கள். முடிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியைத்தானே நாம் பிள்ளைக்கு முதலில் சுற்றுகிறோம்? அந்த இளைஞர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. மறுநாளே உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டு, துணிகளை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டார்.