தலைவலி போய்த் திருகுவலி: மாத்திரையே காரணமாகும் விந்தை

புது தில்லி: தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள். மாதத்தில் பாதி நாள் மாத்திரை விழுங்குவோருக்கு இப்பழமொழி அப்படியே பலித்துவிடுகிறது. வலியைத் தணிக்க வேண்டிய மருந்தே வலிக்குக் காரணமாகும் நிலையை மருத்துவ உலகம் தனி நோயாகவே வகைப்படுத்தியுள்ளது.

உலக மக்களில் சுமார் 40 சதவீதத்தினர், அதாவது 310 கோடி பேர், 2021-ல் ஏதேனும் ஒருவகைத் தலைவலிக் கோளாறுக்கு ஆளாகியிருந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்நாடகத்தில் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் சுமார் 64 சதவீதத்தினருக்குத் தலைவலி வந்திருந்தது. நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது.

மூன்று வகைகள்

பரவலாகக் காணப்படுவது இறுக்கத் தலைவலி. நெற்றியைச் சுற்றிக் கயிற்றால் கட்டியதுபோல் இருபுறமும் வலிக்கும். மனஉளைச்சல், தூக்கமின்மை, கழுத்தைக் குனிந்தவாறு நெடுநேரம் வேலை செய்தல் ஆகியவை இதைத் தூண்டும்.

ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒருபுறமாகத் துடிக்கும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. பரம்பரையாக வரும் வாய்ப்பு உண்டு. பெண்களிடையே அதிகம். உணவைத் தவிர்த்தல், கடும் வெயில், நெடியான வாசனை, மாதவிலக்குக் கால ஹார்மோன் மாற்றம் ஆகியவை தூண்டுதல்கள். தலைக்குக் குளித்தபின் ஒற்றைத் தலைவலி வருவதை 94 இந்திய நோயாளிகளிடம் கண்டு, மும்பை நரம்பியல் நிபுணர் கே. ரவிசங்கர் 2006-ல் பதிவு செய்துள்ளார். "சைனஸ்" என்று பலர் நம்பும் வலியும் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியே.

அரிதான மூன்றாவது வகை கொத்துத் தலைவலி. ஒரு கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி எழும். அக்கண்ணில் நீர் வடியும்.

வட மாநிலங்களின் குளிர்காலத்தில் மற்றொரு காரணமும் உண்டு. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். அந்த நச்சின் முதல் அறிகுறி தலைவலி. அங்கே தேவைப்படுவது மாத்திரை அல்ல. உடனடியாகக் கதவைத் திறந்து வெளியேறுவதே.

எத்தனை நாள் வரை?

காரணத்தைத் தேடாமல் கடையில் மாத்திரை வாங்குவதே நாட்டின் வழக்கம். பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மருந்தை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், மருந்தினாலேயே தலைவலி நிலைத்துவிடலாம் என்பது சர்வதேச வரையறை. கூட்டு மருந்துக்கு எல்லை குறைவு என்பதே கவனிக்கத்தக்கது.

அந்தக் கூட்டு மருந்துகளை முறைப்படுத்தும் முயற்சி நீதிமன்றங்களில் நீண்டது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவற்றை மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது.

புரோபிபெனசோன், பாராசிட்டமால், காபீன் மூன்றும் சேர்ந்த சாரிடானும் அப்பட்டியலில் இருந்தது. அதே மாதம் அதை விற்க உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. 2019 பிப்ரவரியில் விலக்கு கிடைத்தது. 1988-க்கு முன்பே அனுமதி பெற்றது என்பதே அதற்கு அடிப்படை. அத்தகைய மருந்துகள் குறித்துப் புதிதாக விசாரணை நடத்த அரசுக்குத் தடையில்லை என 2017 தீர்ப்பே கூறியிருந்தது. 2024 ஆகஸ்டில் மேலும் 156 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன.

தடை ஒருபுறம் இருக்கட்டும். அனுமதிக்கப்பட்ட மாத்திரையும் நாள் கணக்கை மீறினால் தீங்கே. மாதத்தில் எத்தனை நாளுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது என்பதை அட்டையில் பெரிய எழுத்தில், மாநில மொழியில் அச்சிடச் செய்ய புதிய சட்டம் வேண்டியதில்லை. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் ஒரு திருத்தம் போதும். மருந்து விலையைப் பற்றி அவையில் குரல் எழுப்பும் உறுப்பினர்கள் இதையும் ஒரு கேள்வியாக்கலாம்.

திடீரென இடிபோல் தாக்கும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றுக்கு மருந்துக் கடை தீர்வாகாது. தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.