முதல் தேதியே சம்பளத்தைச் செலவழிக்காதீர்கள்!

"சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. நடங்க... முடிஞ்சா ஓடுங்க" என்றார் டாக்டர். கடைசியாக எப்போது ஓடினேன் என்று யோசித்தேன். கம்பம் பஸ்ஸைப் பிடிக்க! அதையும் பிடிக்கவில்லை.

ரோஷத்தில் ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போய், அதையும் தாண்டி ஓட வேண்டிய தூரம்!

"எதுக்கும் ஆட்டோவுக்குக் காசு வெச்சுக்கோங்க" என்று இருநூறு ரூபாய் நீட்டினாள் மனைவி.

மறுநாள் விடியற்காலை. முல்லைப் பெரியாற்றுப் பக்கம், வாழைத் தோப்பு ஓரமாகப் பாய்ந்தேன். இருநூறு மீட்டரில் மூச்சு முட்டியது. வாக்கிங் வந்த ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் சிரித்தார்.

"ஏன் தம்பி, யாராச்சும் துரத்துறாங்களா? ஓடிக்கிட்டே என்கூடப் பேச முடியணும். முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அவர் போட்டுக் கொடுத்த திட்டம் எளிது. பத்து வாரம். வாரத்தில் மூன்று நாள். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஞாயிறு மட்டும் கொஞ்சம் அதிக தூரம். அதையும் வாராவாரம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். மற்ற நாள் ஓய்வு. எட்டு கிலோமீட்டர் வந்ததும், கடைசி வாரம் பாதியாகக் குறை. பந்தயத்தன்று புது ஷூ, புது டிபன் கூடாது.

நடுவில் எனக்குத் தைரியம் வந்து, "மேகமலை ரோட்டுல ஏறிப் பார்க்கட்டுமா சார்?" என்றேன்.

"பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸுக்கே மூச்சு வாங்கும்!"

பந்தய நாள் வந்தது. விசில் ஊதியதும் கூட்டம் பறந்தது. நானும் பறந்தேன். பழகியது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், ஓடியது ஆறு! நாலாவது கிலோமீட்டரில் விலாவில் சுருக்கென்று பிடித்தது. சேலையும் ஷூவுமாக ஒரு அம்மா என்னை நிதானமாகத் தாண்டிப் போனார்.

பி.காம். மூளைக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தேதியே சம்பளத்தைச் செலவழித்துவிட்டால் இருபதாம் தேதி யாரிடம் கை நீட்டுவது? நடந்தேன். மூச்சு சீரானதும் மெதுவாக ஓடினேன். மறுபடி நடை, மறுபடி ஓட்டம்.

முடிந்த பிறகு வாத்தியாரிடம் புலம்பினேன். "கெல்வின் கிப்டம் தெரியுமா? கென்யாக்காரர். 2023 சிகாகோ மாரத்தான்ல 2 மணி 35 விநாடியில உலக சாதனை படைச்சார். முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி. ரெண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. சாதனைக்காரரே பின்பாதிக்கு மிச்சம் வெச்சிருக்கார். உனக்கென்ன அவசரம்?"

இன்னொரு கணக்கும் சொன்னார். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், 2000-ல் லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது வயது 89! எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம். மெதுவாகத்தான் ஓடினார். ஆனால், முடித்தார்.

நீங்களும் ஓட நினைத்தால், முதல் மூன்று கிலோமீட்டர் 'இவ்வளவு மெதுவாகவா?' என்று வெட்கமாக இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்களும், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

என் நேரம் 1 மணி 26 நிமிடம். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. டாக்டர் கை குலுக்கினார்.

மனைவி? கை நீட்டினாள். "ஆட்டோ காசு இருநூறு எங்கே?"