பெட்டி சிறிது, தொகை பெரிது: வங்கிச் செயலியின் திரை அளவுகள்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், புதுதில்லி தல்கட்டோரா அரங்கில் ‘பீம்’ செயலி அறிமுகம் கண்டது. தொடக்கத்தில் அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இயங்கியது. பின்னர் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைத்தது. இன்று வங்கிச் செயலிகள் பலவற்றையும் நாம் தமிழிலேயே பயன்படுத்த முடிகிறது. ஆயின் மொழி மாறும்போது சொற்களின் நீளமும் மாறுகிறது. ‘பே’ என்னும் சிறிய ஆங்கிலச் சொல்லுக்காக வரையப்பட்ட பொத்தானில் ‘பணம் செலுத்துக’ என்பது அடங்குமா? ‘ஓடிபி’ நின்ற இடத்தில் ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ நிற்குமா? எளிய கேள்விகளாகத் தோன்றும் இவற்றுக்கான விடையில் நம் பணத்தின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

கைப்பேசித் திரையில் நாம் காணும் பொத்தான், தொகையை இடும் கட்டம், இருப்பைக் காட்டும் பலகை ஆகிய ஒவ்வொன்றையும் நிரலாளர்கள் ‘வியூ’ என்பர். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஆயத்தமாகவே கிடைக்கும் வியூக்கள் உள்ளன. அவை போதாதபோது நிரலாளரே புதிதாக ஒன்றை உருவாக்குகிறார். அதுவே ‘கஸ்டம் வியூ’. இரகசிய எண்ணை இடுவதற்கான தனி விசைப்பலகையும், மாதச் செலவைக் காட்டும் வட்ட வரைபடமும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய வியூவுக்கு அளவு எவ்வாறு அமைகிறது? ஆண்ட்ராய்டில் அது ஓர் உரையாடல் போன்றது. வியூவைத் தன்னுள் கொண்டிருக்கும் பெரிய கட்டம் அதற்கு மூன்றில் ஒரு கட்டளையை அளிக்கிறது: ‘இவ்வளவே இரு’, ‘இதற்கு மிகாமல் இரு’, ‘உனக்கு வேண்டிய அளவு இரு’. வியூ தன் உள்ளடக்கத்தை அளந்து பார்த்துத் தன் அகலத்தையும் உயரத்தையும் விடையாகச் சொல்ல வேண்டும். அந்த விடையை எழுதுவது நிரலாளரின் பொறுப்பு. அவர் எழுதாமல் விட்டால், ‘இதற்கு மிகாமல் இரு’ என்ற கட்டளைக்கும் வியூ கிடைத்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதன் கீழே வரவேண்டிய ‘இரத்து செய்க’ பொத்தானுக்கு அப்போது இடமே இராது. ஐபோனில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு: வியூ தன் இயல்பான அளவைச் சொல்லாமலும், வேறு விதி எதுவும் இல்லாமலும் இருந்தால், அது சுருங்கி மறைந்தே போகலாம்.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் பெட்டிகளை அளக்க ‘டிபி’ என்ற அலகும், எழுத்துகளை அளக்க ‘எஸ்பி’ என்ற அலகும் பயன்படுகின்றன. ஓர் அங்குலத்துக்கு 160 படப்புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு டிபி என்பது ஒரு படப்புள்ளி. புள்ளிகள் நெருக்கமான திரையில் அதே டிபிக்குக் கூடுதல் புள்ளிகள் ஒதுக்கப்படும். ஆகவே எந்தக் கைப்பேசியிலும் பெட்டி ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். எஸ்பி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பயனர் தம் கைப்பேசியில் தேர்ந்தெடுத்த எழுத்தின் அளவுக்கேற்ப அது வளரும். 2023இல் வெளியான ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். எழுத்து வளர்ந்து, பெட்டி மட்டும் எழுதி வைத்த உயரத்திலேயே நின்றால் என்னவாகும்? தமிழின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். நீண்ட பெயரின் பின்பாதி மூன்று புள்ளிகளாகிவிடும். ‘1,00,000’ என்ற தொகையின் கடைசிச் சுழிகள் மறையலாம்.

எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள் யார்? பெரும்பாலும் நம் வீட்டு முதியோரும் பார்வை குறைந்தோருமே. ஒரு பூச்சியத்தால் தொகை பத்து மடங்காகும். தவறான கணக்கிற்குச் சென்ற பணத்தை மீட்பதோ எளிதன்று. பணம் பெறுபவரின் பெயரை அனுப்புமுன் காட்டும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பரிமாற்றங்களுக்கும் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் பணித்தது. அந்தப் பெயர் திரையில் முழுமையாகத் தெரிந்தால்தான் அவ்வசதி பயன் தரும்.

விரலுக்கும் அளவு வேண்டும். தொடவேண்டிய எதுவும் 48 டிபிக்குக் குறையாத அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என ஆண்ட்ராய்டும், 44 புள்ளிகள் வேண்டும் என ஆப்பிளும் பரிந்துரைக்கின்றன. அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் சிறு பொத்தான்களில் நடுங்கும் விரல் எதைத் தொடும் என்பதை யாரும் உறுதியாகக் கூற இயலாது.

இது வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. உரிமை பற்றியதும் ஆகும். தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் தலைமையகம் கொண்ட இந்தியத் தர நிர்ணய அமைவனம், தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் அனைவருக்கும் எட்டத்தக்கனவாக இருப்பதற்கென ‘ஐ.எஸ். 17802’ என்னும் தரத்தை 2021, 2022 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ பயனோ குறையலாகாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வலை அணுகல் நெறி. 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சினால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடுடைய ஒருவரும் தொடுத்த வழக்குகளில், எண்ம சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி எனத் தில்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகளின் ‘கேஒய்சி’ நடைமுறையை எல்லோரும் பயன்படுத்தத்தக்கதாக்க 20 வழிகாட்டுதல்களையும் வழங்கியது.

வாடிக்கையாளராகிய நாம் செய்யத்தக்கவை சில உண்டு. கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் எழுத்தின் அளவை நமக்கு வசதியாக அமைத்துக்கொண்டு, நாம் பயன்படுத்தும் வங்கிச் செயலியை ஒருமுறை திறந்து பார்ப்போம். தொகையும் பெயரும் முழுமையாகத் தெரிகின்றனவா, ‘இரத்து செய்க’ பொத்தான் கண்ணில் படுகிறதா என நோக்குவோம். தெரியவில்லையெனில் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பியோ எழுத்தைச் சற்றுக் குறைத்தோ பார்க்கலாம். தொகை முழுவதும் தெரியும்வரை இரகசிய எண்ணை இடாதிருப்பதே நன்று. பிறகு கைப்பேசியின் வகை, எழுத்தின் அளவு, தேர்ந்தெடுத்த மொழி, குறை தோன்றிய பக்கம் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு வங்கிக்கு எழுதுவோம். கணக்கு எண்ணோ இரகசிய எண்ணோ அதில் இடம்பெற வேண்டியதில்லை. இந்த நான்கு விவரமும் கிடைத்தால், நிரலாளர் அதே குறையைத் தம் மேசையிலேயே கண்டு திருத்த இயலும்.

பெட்டியின் அளவை உள்ளிருக்கும் சொல்லும் அதைப் படிப்பவரின் கண்ணுமே தீர்மானிக்க வேண்டும். வரைந்தவரின் கைப்பேசி அன்று. அடுத்த முறை வீட்டுப் பெரியவர் ஒருவர் பணம் அனுப்பத் துணை கேட்கும்போது, அவருக்காக நாமே பொத்தானை அழுத்திவிடாமல், அவருடைய திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் பார்ப்போமாக.