முயலுக்கு ஒரு பெட்டி... கினிப்பன்றிக்கு ஒரு கொய்யா!

குட்டீஸ், ஒரு சின்ன கற்பனை செய்வோமா?

தர்மபுரி மாவட்டம், கம்பைநல்லூரில் உங்கள் வீடு. கொல்லைப்புறத்தில், முருங்கை மரத்து நிழலில் இரண்டு கூண்டுகள். ஒன்றில் முயல்கள், இன்னொன்றில் கினிப்பன்றிகள். காலையில் பல் துலக்கிக்கொண்டே போய் எட்டிப் பார்க்கிறீர்கள். முயல் கூண்டுக்குள் இருக்கும் மரப்பெட்டியில், பஞ்சுக் குவியல் போல ஏதோ லேசாக அசைகிறது. மெல்ல விலக்கிப் பார்த்தால்... ஆறு குட்டிகள்! உடம்பில் ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, ரோஸ் நிறத்தில் நெளிகின்றன.

தாய் முயல் எங்கே? அது கூண்டின் மறு மூலையில், 'எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்பது போல் புல் மென்றுகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறீர்கள். அப்போதும் அப்படியே! குட்டிகளின் பக்கமே போகவில்லை. 'ஐயோ பாவம், பட்டினியாகக் கிடக்கிறதே' என்று மனசு துடிக்கிறது. உடனே பசும்பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, பில்லரில் எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள்.

நில்லுங்கள்! அந்தப் பில்லரைக் கீழே வையுங்கள்.

முயலை வீட்டில் வளர்ப்பவர்கள் பலர் செய்யும் முதல் தப்பு இதுதான். தாய் முயல் பொல்லாத அம்மா இல்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பால் கொடுக்கும். பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில், இரவிலோ விடியற்காலையிலோ! அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். ஆனால், முயல் பால் சாதாரணப் பால் இல்லை. பசும்பாலை விட ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டி. கொழுப்பும் புரதமும் அவ்வளவு அதிகம். ஒரு தரம் வயிறு முட்டக் குடித்துவிட்டால் அடுத்த நாள் வரை தாங்கும்.

நாம் பில்லரில் ஊற்றும் பால், குட்டியின் மூச்சுக் குழாயில் இறங்கிவிட்டால் உயிரே போய்விடும். பட்டினியில் சாகாத குட்டி, நம் பாசத்தில் செத்துப் போகும்!

அப்படியானால் குட்டி பால் குடித்ததா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, காலையில் ஒரு முறை பாருங்கள். வயிறு குட்டிப் பந்து மாதிரி உருண்டையாக இருந்தால் கவலை இல்லை. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி இருந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். குட்டி ஏதாவது பெட்டிக்கு வெளியே விழுந்து கிடந்தால், தாய் அதை எடுத்துப் போகாது. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல முயலுக்குச் செய்யத் தெரியாது. நீங்கள்தான் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மற்ற குட்டிகளோடு சேர்க்க வேண்டும்.

அந்தப் பஞ்சுக் குவியல் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? குட்டி போடுவதற்கு முன், தாய் தன் வயிற்று ரோமத்தைத் தானே வாயால் பிடுங்கி மெத்தை போடும். அதனால்தான், சேர்த்து 28 நாள் ஆனதுமே கூண்டுக்குள் ஒரு மரப்பெட்டியும் கொஞ்சம் காய்ந்த புல்லும் வைத்துவிட வேண்டும். முயலின் கர்ப்ப காலம் சுமார் 31 நாள்தான்! பெட்டி வைக்க மறந்துபோனால், குட்டிகள் வெறும் கம்பி வலையில் விழுந்து விறைத்துவிடும்.

பக்கத்துக் கூண்டில் என்ன நடக்கிறது?

இப்போது கினிப்பன்றிக் கூண்டைப் பார்ப்போம். இது பன்றியும் இல்லை; ஆப்பிரிக்காவில் இருக்கும் கினி நாட்டுக்காரரும் இல்லை! எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைதான் இதன் சொந்த ஊர்.

இதன் கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள் வரை. முயலைப் போல இரண்டு மடங்கு! ஆனால், அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு. பிறக்கும்போதே உடம்பு நிறைய ரோமம், திறந்த கண்கள், வாயில் பற்கள்! பிறந்த அன்றே அம்மாவின் பின்னால் ஓடும். ஓரிரு நாளில் புல்லைக் கொறிக்கத் தொடங்கிவிடும். தாய்க்கு இருப்பதோ இரண்டே இரண்டு பால் காம்புகள். ஆனாலும் மூன்று, நான்கு குட்டிகளை வளர்த்துவிடும். பெட்டியும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம்.

ஏன் இந்த வித்தியாசம்? முயலின் முன்னோர்கள் ஸ்பெயின் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவை. வளைக்குள் குட்டிகளை ஒளித்து வைத்தால் போதும். ரோமம், கண் எல்லாம் மெதுவாக வரட்டும். தாய் அடிக்கடி போய் வந்தால் நரிக்கு வழி காட்டியது போல் ஆகிவிடும். அதனால்தான் நாளுக்கு ஒரு தரம். கினிப்பன்றியின் முன்னோர்களோ திறந்த புல்வெளியில் வாழ்ந்தவை. அங்கே பிறந்த உடனே ஓடத் தெரியாவிட்டால், பருந்துக்கு இரைதான்!

நம் ஊர்ப் பக்கம் கொள்ளுக் காட்டிலும் புதரிலும் துள்ளி ஓடுமே காட்டு முயல், அதுவும் இந்த விஷயத்தில் கினிப்பன்றி கட்சி. அது வளை தோண்டாது. அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும்தான் பிறக்கும். பெயர்தான் முயலே தவிர, கூண்டு முயலும் அதுவும் வேறு வேறு இனம். காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்க்கலாமே என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்!

ஒரே தீவனம், இரண்டு முடிவு

இனிமேல் சொல்லப் போவதுதான் மிக முக்கியம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இரண்டும் புல் தின்கின்றன, இரண்டும் சாது. 'ஒரே கூண்டில் விட்டு, ஒரே மூட்டையிலிருந்து குச்சித் தீவனம் போட்டால் என்ன?' என்று தோன்றும். போட்டால், முயல் கொழுகொழுவென்று வளரும். கினிப்பன்றியோ இரண்டு, மூன்று வாரத்தில் சோர்ந்துவிடும். ரோமம் சிலிர்த்துக்கொள்ளும், மூட்டுகள் வீங்கும், நடக்கவே முடியாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அப்படியே விட்டால் இறந்துவிடும். பார்ப்பவர்கள் 'ஏதோ சீக்கு வந்துவிட்டது' என்பார்கள். சீக்கு இல்லை; வைட்டமின் சி இல்லை!

முயல், ஆடு, மாடு எல்லாம் வைட்டமின் சியைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றிக்கு அது முடியாது. இன்னொரு பிராணிக்கும் முடியாது. யார் தெரியுமா? நாம்தான்!

இதைக் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல்தான். நார்வே நாட்டில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்று இரண்டு மருத்துவர்கள். நார்வே மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி போன்ற ஒரு நோயை ஆராய்ந்து வந்தார்கள். கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தை மட்டும் கொடுத்து, 'பெரிபெரி வருகிறதா?' என்று பார்த்தார்கள். வந்ததோ ஸ்கர்வி! பல நூறு ஆண்டுகளாக, காய்கறி, பழம் கிடைக்காத மாலுமிகளை ஈறு வீங்கிச் சாகடித்த நோய். முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைக் கொடுத்ததும் நோய் விலகியது. 1907ல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். அன்று அவர்கள் கினிப்பன்றிக்குப் பதிலாக எலியையோ, முயலையோ தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஏனென்றால், அவற்றுக்கு ஸ்கர்வி வராது!

ஆக, மனிதர்களின் உயிரைக் காக்க உதவிய பிராணிக்கு, நாம் ஒரு துண்டு கொய்யா கொடுக்க மறக்கக் கூடாது அல்லவா? அதற்குத் தினமும் வேண்டியது 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்; ஒரு சின்னத் துண்டு போதும். கொய்யா இல்லாத நாளில் கொத்தமல்லித் தழை, குடைமிளகாய். கடையில் கேட்டால் கொசுறாகவே ஒரு கைப்பிடி கொத்தமல்லி கிடைக்கும்.

முயலுக்கு அகத்தி, வேலிமசால், குதிரை மசால், கல்யாண முருங்கை இலை எல்லாம் கொண்டாட்டம். தர்மபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறைய. அவர்கள் தோட்டத்து மல்பெரி இலையையும் முயல் விரும்பித் தின்னும். மருந்து அடித்த இலையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லெட் இரண்டுக்குமே ஆகாது.

ஒரே கூண்டு வேண்டாம் என்பதற்கு இன்னும் காரணம் இருக்கிறது. முயலின் மூக்கில் ஒரு வகை பாக்டீரியா சும்மா தங்கியிருக்கும். முயலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கினிப்பன்றிக்குத் தொற்றினால் நிமோனியா! தவிர, முயல் பின்னங்காலால் ஓர் உதை விட்டால், பாவம், கினிப்பன்றி தாங்காது.

வெயிலும் காதும்

கம்பைநல்லூர்ப் பக்கம் ஏப்ரல், மே வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் நம்மைப் போல வியர்க்காது. முயல் தன் நீண்ட காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் அதுவும் போதாது. ஆண் முயல்களுக்கு இனப்பெருக்கச் சக்தியே கோடையில் குறைந்துவிடும். கினிப்பன்றிக்கோ 30 டிகிரியே ஆபத்து. மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. அங்கே 'ஒயிட் ஜெயன்ட்', 'சோவியத் சின்சில்லா' என்ற முயல் ரகங்களை வளர்க்கிறார்கள். அந்தக் குளிரில் சுகமாக வளர்ந்த முயலை வாங்கி வந்து, நம் ஊரில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும்?

தகரம் வேண்டாம், தென்னங்கீற்று போடுங்கள். கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கைத் தொங்க விடுங்கள். மண் சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மூச்சு வாங்கும் முயலின் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய், காதை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. மேஜிக் காட்டுபவர் தொப்பியிலிருந்து முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவாரே, அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்! அதற்கு வலி உயிர் போகும். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். பின்பக்கத்தைத் தாங்காவிட்டால், திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

குட்டிகளை என்ன செய்வது?

ஒரு கணக்கு. ஒரு பெண் முயல், தடவைக்கு ஆறு குட்டி வீதம், ஆண்டுக்கு ஐந்து தடவை குட்டி போடுகிறது. 30 குட்டிகள்! இரண்டு பெண் முயல் இருந்தால் 60. குட்டி போட்ட அன்றே மறுபடியும் சேர்க்கை ஏற்கும் பிராணி இது. மூன்று மாதத்தில் ஆண், பெண்ணைப் பிரிக்காவிட்டால், அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. கினிப்பன்றியில் இன்னும் அவசரம். மூன்று வாரத்திலேயே ஆண் குட்டிகளைத் தனியே வைத்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நாடே சரியாகப் போடவில்லை. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர், வேட்டையாடி விளையாட ஆஸ்திரேலியாவுக்கு 24 முயல்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அவை பெருகிப் பெருகி, பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் மொட்டையடித்தன. தடுக்க, 1901 முதல் 1907 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று வேலிகள் கட்டினார்கள். மொத்த நீளம் 3,200 கி.மீ.,க்கு மேல். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் போனால்கூட சுமார் 2,200 கி.மீ.,தான்! முயல்கள் அந்த வேலியையும் தாண்டின.

உங்கள் வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்? முயல் வளர்ப்பவர்களில் பலர் கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள். ஆண்டீஸ் மலைக் குடும்பங்களிலும் அப்படித்தான். அங்கே சமையல் அறையிலேயே, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் கினிப்பன்றிகள் ஓடித் திரியும். காய்கறித் தோலும் குதிரை மசாலும் போடுவார்கள். விருந்தாளி வந்தால் விருந்தும் அதுவே! 'குய்' என்று அதற்குப் பெயர்; அது போடும் சத்தமே பெயராகிவிட்டது. பெரு நாட்டில் அக்டோபர் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை 'தேசிய குய் நாள்'. செல்லமா, கறியா, விற்பனையா என்பதை முதல் குட்டி பிறப்பதற்கு முன்பே, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். பெயர் வைத்துக் கொஞ்சிய பிறகு பேசினால், யாராவது ஒருவர் அழ வேண்டி வரும்.

செல்லம்தான் என்று முடிவானால், குட்டிகளே பிறக்காமல் இரண்டு பெண்களை மட்டும் வளர்க்கலாம். ஒற்றையாக வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 2008ல் வந்த சட்டப்படி, கினிப்பன்றியைத் தன்னந்தனியாக வளர்க்கக் கூடாது. தோழன் இல்லாவிட்டால் ஏங்கிப் போகுமாம்!

ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் கொத்தமல்லி கொடுத்துப் பாருங்கள். எட்டாம் நாள், பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டதுமே, கொல்லைப்புறத்திலிருந்து 'வீக்... வீக்...' என்று விசில் பறக்கும். முயல் மட்டும் சத்தம் போடாமல், இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பி நிற்கும்!