மிதிவண்டித் தலைக்கவசம்: தேர்வும் மாற்றமும்

பூதிகோட்டையிலிருந்து பங்காருபேட்டைக்கோ தங்கவயலுக்கோ மிதிவண்டியில் செல்வோருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே உரியது. எனினும், கீழே விழும் தலைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வாங்குமுன் தலையின் சுற்றளவை அளப்போம். கவசம் புருவத்திற்கு மேல் இரு விரற்கடை உயரத்தில் கிடையாக அமர வேண்டும். பக்கப்பட்டைகள் காதுக்குச் சற்றுக் கீழே இணைய வேண்டும். தலையை அசைத்தால் கவசம் நகரக் கூடாது.

கவசத்தினுள் இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை, தான் நசுங்கி அடியின் வேகத்தை ஏற்கிறது. நசுங்கியபின் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே, விபத்தில் அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிடினும், மாற்றிவிடுவோம். முன்பு அடிபட்டதா என அறிய இயலாத பழைய கவசத்தைப் பிள்ளைகளுக்கு வாங்குவது சிக்கனமாகாது. அடிபடாத கவசத்தையும் 5 முதல் 10 ஆண்டுகளில் மாற்றுமாறு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது. வாங்கிய தேதியை உட்புறத்தில் ஒட்டி வைப்போம்.