வாசலில் ஒரு மின்காவலன்
கம்பியில்லாக் காமிரா வாங்குமுன் எண்ண வேண்டியவை

வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வடுகபட்டிக்கு வருகிறவர்கள் ஊரைக் கண்ணால் காணுமுன் மூக்கால் அறிந்துகொள்வார்கள். கொடைக்கானல் மலைச் சிற்றூர்களில் விளைந்து, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற மலைப்பூண்டு, இவ்வூர்ச் சந்தைக்கு இறங்கி வந்துதான் விலை பேசப்படுகிறது. சந்தைக்கு முந்தின இரவில், கடையில் இடம் கொள்ளாத மூட்டைகள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் அடுக்கப்படுவதுண்டு. ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியிலும் சுப்புலாபுரத்திலும் உள்ள நமது நெசவாளர் வீடுகளில் நூல்கட்டும், பாவும், மடித்து வைத்த சேலையும் உறங்கும் இடத்திலேயே இருக்கின்றன. சரக்கு இருக்கும் இடத்தில் கவலையும் இருப்பது இயல்பு. ஆகவே, வாசலில் கம்பியில்லாக் காமிரா ஒன்றைப் பொருத்த விரும்பும் அங்கத்தினர் பலர், எதனை வாங்கலாம் என்று நம்மைக் கேட்கின்றனர். விடை கூறுமுன் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நிழற்படமும் ஒரு தொழிலாளியும்

சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் ஒரு வியாழனன்று வடுகபட்டி சென்றிருந்தோம். முந்தின இரவு தம் முற்றத்திலிருந்த பூண்டு மூட்டைகளுள் இரண்டைக் காணோம் என்று ஓர் அங்கத்தினர் பதைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில், பதினைந்தடி உயரத்தில், மலிவாக வாங்கிய காமிரா ஒன்று இருந்தது. படத்தில் ஓர் உருவம் தெரிந்தது. தலையில் முண்டாசு, தோளில் மூட்டை, முகமிருந்த இடத்தில் ஒரு வெண்மை. “பார்த்தீர்களா ஐயா, நடையே சொல்கிறதே!” என்று அவர் ஒரு சுமைத் தொழிலாளியின் பெயரைக் கூறினார். சூழ நின்றவர்கள் ஆமோதித்தனர். நாமும் தலையசைத்தோம்.

நான்கு நாட்கள் அத்தொழிலாளிக்கு எக்கடையிலும் வேலை இல்லை. ஐந்தாம் நாள் வெளியூரிலிருந்து திரும்பிய அங்கத்தினரின் மருமகன், வீட்டுப் பெரியவர் சொற்படி இரண்டு மூட்டைகளையும் தாமே கமிஷன் கடைக்குத் தூக்கிச் சென்றதாகக் கூறினார். கடைக்காரரின் சீட்டும் அதற்குச் சான்றாயிற்று. நான்கு நாள் கூலியைக் கொடுக்கச் செய்தோம். போன மானத்துக்கு வவுச்சர் எழுத நமக்குத் தெரியவில்லை.

காமிரா இல்லாதிருந்தால் அங்கத்தினர் முதலில் வீட்டாரை விசாரித்திருப்பார். அரைகுறைக் காமிரா இருந்தமையால் விசாரணை இன்றியே தீர்ப்பு எழுந்தது. ஆகவே, “எந்தக் காமிரா நல்லது?” என்பதற்கு நமது விடை இதுவே: ஐயத்தை வளர்க்காமல் தீர்க்கக்கூடியதே நல்லது. அதனைக் கண்டறியும் வழிகளைக் கீழே தருகின்றோம்.

தோற்றமும் வகைகளும்

வீட்டு வாசலுக்குக் காமிரா வைக்கும் எண்ணம் செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்னும் செவிலி, வேலை நேரம் ஒழுங்கின்றி வந்தமையாலும் அழைத்தால் காவலர் வரத் தாமதமானமையாலும், தம் கணவர் ஆல்பர்ட்டுடன் கூடி இத்தகைய அமைப்பொன்றை வகுத்தார். 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கதவுத் துளைகளின் வழியே காமிரா பார்க்க, உள்ளேயிருந்த திரையில் வந்தவர் முகம் தெரிந்தது. வந்தவர் யார் என்று அறிவதே அன்றும் நோக்கம்.

இன்று “கம்பியில்லா” என்ற சொல்லில் சிறு மயக்கம் உண்டு. முதல் வகையில் படம் மட்டுமே கம்பியின்றி வை-ஃபை வழியே செல்லும். மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். இரண்டாம் வகை பேட்டரியாலோ சோலார் தகட்டாலோ இயங்கும். மூன்றாம் வகை சிம் அட்டை கொண்டு, வை-ஃபையும் இல்லாத தோட்டத்தில் வேலை செய்யும்.

பேட்டரிக் காமிரா பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பம் அசைவதை உணர்ந்தபின் விழித்துப் பதிவு செய்யும். விழிப்பதற்குள் முதல் ஓரிரு நொடிகள் தவறிப்போகலாம். சரக்கு வைத்திருக்கும் முற்றத்துக்கு, மின்கம்பி பெற்று இடைவிடாது பதியும் முதல் வகையே ஏற்றது. பம்புசெட்டு அறைக்கும், ஆளில்லாத் தோட்டத்துக்கும் மற்ற இரண்டும் உதவும்.

எத்தனை மெகாபிக்சல் என்பதன்று, எத்தனை தூரம் என்பதே கேள்வி

கடைக்காரர் மெகாபிக்சல் எண்ணிக்கையைச் சொல்லி விலை ஏற்றுவார். அங்கத்தினர் ஓர் அளவுநாடாவை எடுத்து, காமிரா வைக்கும் இடத்திலிருந்து வாயிற்கதவு வரை அளக்கட்டும்.

இதற்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழுந்தால் அறியாதவரையும் ஐயமற அடையாளம் காணலாம். 125 விழுந்தால் பழகியவரை இன்னாரென அறியலாம். 62 ஆனால் உடையும் நடையும் மட்டுமே தெரியும். 25 ஆனால் யாரோ ஒருவர் உண்டு என்பதோடு சரி.

2 மெகாபிக்சல் காமிராவின் படம் 1920 புள்ளி அகலமுடையது. அதன் பார்வை 90 பாகை விரிந்ததாயின், தொலைவைப் போல் இருமடங்கு அகலம் படத்தில் அடங்கும். 4 மீட்டரில் 8 மீட்டர் அகலம். மீட்டருக்கு 240 புள்ளிகள். 8 மீட்டரில் 120. 15 மீட்டரிலோ வெறும் 64. நாம் கண்ட அந்த முற்றத்தின் வாயில் ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவு. நடையைக் கண்டு பெயர் சொன்னதன் அடிப்படை அவ்வளவே.

ஆகவே, தொலைவு 5 மீட்டருக்குள் என்றால் 2 அல்லது 4 மெகாபிக்சல் போதும். அதற்கு மேலென்றால் எண்ணிக்கையை மட்டும் உயர்த்துவதைவிட, பார்வை குறுகிய ஆடியைக் கேட்பது நலம். 2.8 மில்லிமீட்டர் ஆடி அகலக் காணும். 4 அல்லது 6 மில்லிமீட்டர் ஆடி குறுகக் கண்டு தொலைவைத் தெளிவாக்கும். எல்லாவற்றையும் மங்கலாகக் காட்டும் ஒரு காமிராவினும், வருகின்ற வழி ஒன்றைத் தெளிவாகக் காட்டும் காமிரா மேல்.

உயரம் எட்டு முதல் பத்தடி வரை இருக்கட்டும். அதற்கு மேற்போனால் முண்டாசுதான் தெரியும், முகம் தெரியாது.

இரவும், மழையும், ஆடிக்காற்றும்

இரவில் காமிரா நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கிறது. அருகே சுண்ணாம்படித்த தூணோ இறவாரமோ இருந்தால் அவ்வொளி பட்டுத் திரும்பிக் காட்சியைக் கெடுத்துவிடும். அந்த வெண்மை முகத்துக்கு இதுவும் ஒரு காரணம். அவ்வொளியை நாடி வரும் பூச்சிகளுக்காகச் சிலந்தி ஆடியின் முன் வலை பின்னும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்; பூண்டுச் சருகு பறக்கும் இவ்வூரில் இது இன்னும் அவசியம். வாயிலில் சிறு விளக்கொன்று எரியுமாயின் அதுவே பெரும் உதவி.

வெளியில் வைக்கும் காமிராவுக்கு ஐபி என்ற குறியும் இரண்டு இலக்கமும் உண்டு. முதல் இலக்கம் தூசித் தடையைக் குறிக்கும். 6 எனில் தூசி சிறிதும் புகாது. இரண்டாவது நீர்த்தடை. ஐபி65-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். ஐபி66 ஆயின் மேலும் நன்று.

ஆடிமாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றை நாம் அறிவோம். தென்னோலை ஆடினாலும், ஆடு நடந்தாலும் கைப்பேசி மணியடித்தால், மூன்றாம் நாள் வீட்டார் மணியையே நிறுத்திவிடுவர். மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதியும், படத்தில் குறித்த பகுதியை மட்டும் கவனிக்கும் வசதியும் உள்ளதா எனக் கேட்டு வாங்குக.

அலையும், மின்சாரமும், இருப்பும்

வை-ஃபைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் தக்கதாயிற்று. ரேடியோப் பெட்டிக்கே லைசென்சு கட்டிய தலைமுறைக்கு இது வியப்பாகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் இது சுவரை எளிதில் ஊடுருவும். எனினும் தடித்த கல்சுவரும், தகரக் கூரையும், இரும்பு ஷட்டரும் அதனைத் தளர்த்தும். சுவரில் துளையிடுமுன், அவ்விடத்தில் கைப்பேசியுடன் நின்று வீட்டு வை-ஃபையில் ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். பேச்சு அறுந்தால் காமிராவும் அறும்.

மின்தடை வந்தால் காமிராவும் ரூட்டரும் ஒருங்கே கண்மூடும். இரண்டையும் இன்வெர்ட்டரிலோ சிறிய யூபிஎஸ்ஸிலோ இணைக்க வேண்டும். இணையம் நின்றாலும் பதிவு நிற்காதிருக்க, காமிராவினுள்ளேயே மெமரி கார்டு இருத்தல் அவசியம். விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு 10.8 ஜிபி ஆகும். 128 ஜிபி அட்டை ஏறத்தாழ 11 நாட்கள் கொள்ளும். அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும். இருமடங்கு வேகமெனில் நாட்கள் பாதி. சிம் அட்டைக் காமிராவில் நாள்முழுதும் படத்தை அனுப்ப முயன்றால், நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம் ஐந்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அங்கே அசைவின்போது மட்டும் பதியச் செய்க.

நிறுவனத்தின் கிளவுட் கிடங்கில் சேமிப்பதாயின் மாதச் சந்தா உண்டா, சந்தா நின்றால் காமிரா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எழுத்தில் கேட்டுக்கொள்க. காமிராவின் விலை ஒருமுறை, சந்தா ஆண்டுதோறும்.

பெட்டிச்சாவி யாரிடம்?

கணக்குப் பார்க்கும் நமக்கு முதற் கேள்வி இதுவே. 2016-ஆம் ஆண்டில் “மிராய்” என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களையும் ரூட்டர்களையும் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அதனைக் கொண்டு தொடுத்த தாக்குதலில், பெயர்பெற்ற பல இணையத் தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. 2024 பிப்ரவரியில் வைஸ் என்னும் அமெரிக்கக் காமிரா நிறுவனத்தில் நேர்ந்த கோளாற்றால், ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் காட்சிகள் சென்றன.

எனவே, வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பொருத்தியவர் அமைத்துக் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பது, பெட்டகச் சாவியைத் தச்சரிடம் விட்டுவைப்பது போன்றதே. இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்குங்கள். மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் எனக் கேளுங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்த விதிகளின்படி, புதிதாகச் சந்தைக்கு வரும் சி.சி.டி.வி. காமிராக்கள் பாதுகாப்புச் சோதனை பெற்றிருக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையாகியுள்ளது. அச்சான்று உண்டா என்று வினவி, ரசீதுடன் வாங்குக. ஒரே தெருவைச் சேர்ந்த நால்வர் ஐவர் கூடிப் பேசி வாங்கினால் விலையும் இறங்கும். பழுது பார்க்கும் பொறுப்பையும் கடைக்காரர் தட்டிக்கழிக்க மாட்டார். கூட்டுறவு என்பது கடன் மனுவோடு முடிவதில்லை.

அண்டைவீட்டாரும் நீதிமன்றமும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தனர். ஒரே வீட்டில் வசிப்பவரின் இசைவின்றி, குடியிருப்புப் பகுதிக்குள் காமிரா இயக்குவது முறையன்று என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியதில் தலையிட, 2025-இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. முற்றம் பொதுவாயுள்ள கூட்டுக்குடும்பங்கள் இதனை உளங்கொள்ள வேண்டும். காமிரா நம் வாயிலைப் பார்க்கட்டும். அண்டைவீட்டுக் கிணற்றடியைப் பார்க்க வேண்டாம். பிறர் பகுதியை மறைத்துவிடும் வசதி பல காமிராக்களில் உண்டு. பொருத்துமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது அதனினும் நன்று.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் படியைச் சான்றாக வைப்பதற்கு உரிய சான்றிதழைக் கேட்கிறது. ஆதலால் களவு நேர்ந்தால், காட்சியை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்புவதால் பயனில்லை, கேடே உண்டு. மூல அட்டையைக் கழற்றி உறையிலிட்டு, நாளும் நேரமும் குறித்துக் காவல்நிலையத்தில் காட்டுங்கள். காமிராவின் கடிகாரம் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தேதி தவறிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்பதில்லை.

முடிவாக ஒன்று. பொருத்திய அன்றிரவே வீட்டார் ஒருவரை முண்டாசு கட்டி, மூட்டை சுமந்து, வாயில் வழியே நடந்து வரச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து அவர் இன்னார் என்று வீட்டிலில்லாத ஒருவர் கூற முடிந்தால் காமிராவை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். அன்றியும் முடியாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அச்சுமைத் தொழிலாளி இப்போது பெரியகுளத்தில் வேறொரு கடையில் மூட்டை தூக்குகிறார். அந்த அங்கத்தினர் நேரில் சென்று அழைத்தும் திரும்பவில்லை. நமது அங்கத்தினர்கள் தம் பொருளைக் காக்குங்கால் பிறர் நற்பெயரையும் உடன் காப்பார்களாக.