வைரமும் பென்சில் கரியும்

சவ்வாது மலைப் பகுதியில் ஆலங்காயம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் பென்சிலால் தாளில் கோடு இழுக்கின்றான். கோடு கருமையாகப் பதிகின்றது. தேய்த்தால் விரலிலும் ஒட்டுகின்றது. அவ்வாறு ஒட்டும் மென்பொருளே கிராபைட். நம் நாட்டில் சிவகங்கைப் பகுதியிலும் இது கிடைக்கின்றது. கண்ணாடியையும் அறுக்கும் வைரம் இதற்கு உடன்பிறப்பு என்றால் யார்தான் எளிதில் நம்புவர்? ஆயினும் அஃது உண்மையே. இரண்டும் கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை.

1797ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அறிஞர் வைரத்தை எரித்துப் பார்த்தார். அதே எடையுள்ள மரக்கரி எரியும்போது உண்டாகும் அளவே கரியமில வாயு வெளிப்பட்டது. பொருள் ஒன்றாயின், பண்புகள் வேறுபடுவது ஏன்? அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே அதற்குக் காரணம். ஒரே செங்கற்களைக் கொண்டு கோட்டையும் கட்டலாம். பிணைப்பின்றி அடுக்கியும் வைக்கலாம் அன்றோ?

வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கங்களிலும் நான்கு அணுக்களோடு உறுதியாகப் பிணைந்துள்ளது. இப்பிணைப்பு எத்திசையிலும் தொடர்வதால் வைரம் மிகக் கடினமாக உள்ளது. 1913இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களின் துணையால் இவ்வமைப்பைக் கண்டறிந்தனர்.

கிராபைட்டிலோ ஓர் அணு மூன்று அணுக்களோடு மட்டுமே இணைந்து, தேன்கூடு போன்ற அறுகோணத் தளங்களாக விரிகின்றது. தளத்திற்குள் பிணைப்பு வலிமையானது. தளங்களுக்கிடையே மிக மெலிந்தது. எனவே தளங்கள் சீட்டுக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பென்சில் எழுதுவதும், கிராபைட் பொறிகளுக்கு மசகாவதும் இதனாலேயே. பிணைப்பில் ஈடுபடாத நான்காம் எலெக்ட்ரான் தளத்தினூடே உலவுவதால் கிராபைட் மின்சாரத்தைக் கடத்துகின்றது. வைரத்தில் எலெக்ட்ரான்கள் யாவும் பிணைப்பில் கட்டுண்டமையால் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

இவ்விரு பொருள்களையும் தமிழகம் ஈன்ற அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் வைரத்தை நெடுங்காலம் ஆராய்ந்தார். 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்தபோது அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். அவர் 1939இல், கிராபைட் தளத்தின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்வதையும், தளத்திற்குக் குறுக்கே அரிதிற் பாய்வதையும் அளந்து காட்டினார்.

காற்றில்லாத இடத்தில் மிகுந்த வெப்பத்திற்கு உள்ளாக்கினால் வைரம் கிராபைட்டாக மாறிவிடும். கடும் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால் கிராபைட்டும் வைரமாகும். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்பனிலிருந்து வைரத்தை உண்டாக்கினர்.

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று உள்ளது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி, வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கியுள்ளது. கார்பன் தூசியைத் தாமே உமிழ்ந்து, அத்தூசியால் மறைக்கப்பட்டு மங்கும் அரிய விண்மீன்களும் அந்நிலையத்தில் ஆராயப்பெற்றுள்ளன. விண்ணில் புகையாகவும், தாளில் கோடாகவும், மணிமுடியில் மணியாகவும் விளங்குவது ஒரே தனிமமே. ஆகவே ஒரு பொருளின் இயல்பை அறிய, அஃது எதனால் ஆயது என்று கேட்டல் மட்டும் போதாது. எவ்வாறு அமைந்தது என்றும் கேட்டல் வேண்டும்.